மோட்டாருக்குள் கவுளி

நிறைந்த அமாவாசையன்று பிறந்ததால் அவனுக்கு அமாவாசை என்று பேர் வைத்தார்கள். வேறு பேர் யோசிக்க அவன் அப்பனுக்குச் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் போடியில் அவன் மோட்டார் ஓட்ட ஆரம்பித்த பிறகு அந்தப் பேருக்கே தனி மவுசு வந்துவிட்டது. "வண்டியை எடுக்குறவனே அமாவாசை, அப்புறம் நல்ல நாள் என்னத்துக்குப் பாக்கணும்?" என்று பேட்டையில் மாட்டு வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவனும் பல்லைக் காட்டிச் சிரிப்பான். கேலியைப் பொறுத்துக்கொள்கிற மனுஷன்தான். புரியாத ஒரு சத்தம் காதில் விழுந்தால் மட்டும் அவனால் பொறுக்க முடியாது.

போடிக்கு ரயில் வராத காலம் அது. மலையிலிருந்து பொதிமாட்டில் அடிவாரத்து முந்தலுக்கு இறங்கும் ஏலக்காய் மூட்டைகளை வண்டியில் ஏற்றி, அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரை ஓட்டிக்கொண்டு போவது அவனுடைய ஆதித் தொழில். சக்கரம் கிறீச்சென்றால் மற்றவர்கள் அச்சுக்கு மை போட்டுவிட்டுப் போவார்கள். இவன் இறங்கிக் குனிந்து, எந்த ஆரக்காலில் சத்தம் என்று பார்க்காமல் மாட்டை நகர்த்தமாட்டான். ஒருதரம் தோட்டத்துக் கங்காணி ஒருவருடைய கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டினான். ஒரு பல்சக்கரம் கையில் மிஞ்சிவிட்டது. கடிகாரமோ ஓடுகிறது! கங்காணி சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். இவன்தான் மிஞ்சின சக்கரத்தை மடியில் முடிந்துகொண்டு, "அப்ப இது என்ன சோலிக்கு உள்ள கெடந்துச்சு?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுத் தொல்லை பண்ணினான்.

இப்படிப்பட்டவனைத்தான் ஏலக்காய் வியாபாரி கண்ணுச்சாமி பிடித்து மோட்டாரில் உட்காரவைத்தார். சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத் துரை ஒருவரிடம் அந்த மோட்டாரை வாங்கிய கையோடு, இவனை மதுரையில் ஒரு பட்டறைக்கு அனுப்பிப் பழகிவரச் சொன்னார். காக்கிக் கோட்டோடு திரும்பி வந்தவனைப் பார்க்க வண்டிப்பேட்டையே கூடிவிட்டது. அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முன்பக்கத்து மூடியைத் தூக்கி எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கண்ணுச்சாமி தங்கமான மனுஷர். ஆனால் சகுனப் பித்து. எங்கள் பக்கத்தில் பல்லி சத்தம் போட்டால் கவுளி சொல்லிவிட்டது என்பார்கள். எந்தத் திசையில் சொன்னது, என்ன கிழமை என்று பார்த்துத்தான் காலை எடுத்து வைப்பார்கள். எல்லாரும் பார்க்கிறதுதான், இவர் கூடுதலாகப் பார்ப்பார். கவுளி ஆகாதென்றால் கையில் எடுத்த சோற்றைக்கூட வைத்துவிடுவார்.

அவருக்கு ஒரே மகள் அய்யம்மாள். தேவாரம் என்கிற ஊரில் சீனிச்சாமி என்பவருடைய மகன் முனியசாமிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். நிலபுலத்துக்கு அங்கே குறைவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் கை நீளம். சோற்றில் உப்புக் குறைந்தால் ஓர் அடி, எதிர்த்துக் கேட்டால் இன்னோர் அடி. பங்குனித் திருவிழாவுக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண், கொடி இறங்கியும் திரும்பிப் போகவில்லை. வேகாத வெயிலிலும் முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கை போட்டுக்கொண்டு திரிந்தாள். அந்தக் கைக்குள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தராவது வாயைத் திறக்கவேண்டுமே! திறந்தால் ஊர் வாழாவெட்டி என்று பேர் வைத்துவிடும். கண்ணுச்சாமியோ சபையில் வாக்குக் கொடுத்துக் கல்யாணம் முடித்தவர். சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வரும்போதெல்லாம், "நல்ல நாள் பாத்து நானே மோட்டார்ல கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

நாளும் பார்த்தார்கள். அய்யம்மாள் டிரங்குப் பெட்டியோடு வந்து மோட்டாரில் உட்கார்ந்தாள். அமாவாசை முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் உயிர் பெற்றது. கூடவே, எங்கிருந்தோ ஒரு சத்தம்.

ச்சிக். ச்சிக். ச்சிக்.

கண்ணுச்சாமி வைத்த காலை எடுத்துவிட்டார். "கவுளி சொல்லிருச்சு. கெழக்க சொல்லுது, அதுவும் வெள்ளிக்கிழமை. ஆகாது. இறங்கு ஆத்தா."

அய்யம்மாள் இறங்கினாள். உட்கார்ந்தபோது இல்லாத வேகம் இறங்கும்போது இருந்தது.

மறுபடி ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்கும் அதே ச்சிக். அடுத்த தரமும் அதே. ஆனால் வியாபாரத்துக்காகத் தேனிக்குப் புறப்படும்போது அதே சத்தம் கேட்டால், "வடக்க சொல்லுது, லாபம்டா, வெரசா எடு!" என்று தாவி ஏறிக்கொள்வார். தேவாரம் போகிற பாதைக்கு மட்டும்தான் அந்தக் கவுளி விரோதி. அமாவாசை இதையெல்லாம் யோசித்துப் பார்க்கவில்லை. வண்டிக்குள் எங்கே பல்லி என்பதிலேயே அவன் புத்தி முழுக்கச் சிக்கிக் கிடந்தது.

மெத்தையைக் கழற்றினான். அடியில் படுத்துப் பார்த்தான். மோட்டார் நிற்கும் கொட்டகைக் கீற்றில் குடியிருந்த பல்லிகளை அத்தனையும் விரட்டினான். சாம்பிராணி போட்டான். பாவம், பல்லிகள் போனதுதான் மிச்சம், ச்சிக் போகவில்லை. அதற்குள் ஊரில் 'கவுளி வண்டி' என்று பேராகிவிட்டது. "அமாவாசை, இன்னைக்கு உன் எஞ்சின் என்னப்பா சொல்லுது? எங்க வீட்டுப் பசு காளக்கன்னு போடுமா, கெடேரி போடுமா?" என்று பேட்டையில் மொக்கையன் என்கிற வண்டிக்காரன் தினமும் கேட்பான். மற்றக் கேலிகளுக்குச் சிரித்தவன் இதற்குச் சிரிக்கவில்லை. தன் எஞ்சினை ஒருவன் பல்லி என்று சொன்னால் பொறுக்குமா?

பல்லி இல்லை, சத்தம் இரும்பில்தான் என்று அவனுக்கு ஒருநாள் பிடிபட்டது. எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினால் ச்சிக்கும் முடுக்குகிறது. எந்தப் பல்லி அப்படித் தாளம் போடும்? அன்றிலிருந்து சோறு தண்ணி மறந்தான். முதலில் தண்ணீர் இறைக்கும் பம்பின் மேல் சந்தேகம். அதன் அச்சைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைத்திருந்த நூல்கயிறு இற்றுப்போயிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, புதுக் கயிற்றை ஆட்டுக்கொழுப்பில் முக்கிச் சுற்றி இறுக்கினான். ஒழுகின தண்ணீர் நின்றது. ச்சிக் நிற்கவில்லை. அப்புறம் விசிறியைச் சுற்றும் தோல் வார். காய்ந்த தோல் கத்தும் அல்லவா? விளக்கெண்ணெய் தடவினான். வார் பளபளத்தது. ச்சிக் அப்படியே இருந்தது.

சரி, படித்த கையிடம் காட்டுவோம் என்று பெரியகுளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு பட்டறைக்காரர் மூடியைத் திறந்து வெகுநேரம் கேட்டார். எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ச்சிக் வேண்டுமே! "உன் காதுலதான்ப்பா பல்லி இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அவர் முன்னால் சத்தம் போடவே இல்லையே. வருகிற வழியெல்லாம் அமாவாசை மோட்டாரைத் திட்டிக்கொண்டே வந்தான். "ஏண்டி, எங்கிட்ட மட்டும் கத்துற, அடுத்தவன் வந்தா ஊமை வேசமா?"

வீட்டுக்கு வந்து நிறுத்தி, மறுநாள் காலையில் கைப்பிடியைச் சுற்றினால், ச்சிக்!

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. காலையில் கத்துகிறது. ஓடி வந்த பிறகு கத்துவதில்லை. இடையில் என்ன மாறுகிறது? சூடு. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதை அவன் எத்தனை முறை பார்த்திருப்பான்! இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சினால் பெருக்கும், ஆறினால் சுருங்கும். அப்படியென்றால் எஞ்சினில் எங்கேயோ ஒரு சந்து இருக்கிறது. ஆறிக் கிடக்கும்போது திறந்திருக்கிறது, சூடேறினால் தானே மூடிக்கொள்கிறது. அடேயப்பா, கண்டுபிடித்துவிட்டோம் என்று கொட்டகைக்குள் தனியாகவே குதித்தான்.

ஆனால் எந்தச் சந்து? பழைய தார்க்குச்சியை எடுத்து வந்தான். மாடு ஓட்டிய காலத்துக் கம்புதான். அதன் ஒரு நுனியை இரும்பில் வைத்து மறு நுனியைக் காதில் கொடுத்து, ஆறின எஞ்சினை ஓடவிட்டு இடம் இடமாகக் கேட்டான். இடது பக்கத்தில், எரிந்த புகை வெளியே போகிற குழல் எஞ்சினோடு சேரும் இடத்தில் சத்தம் காதைக் குத்தியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையணையிலிருந்து ஒரு பிசிறு இலவம்பஞ்சைப் பிய்த்து அந்த இணைப்புக்குப் பக்கத்தில் பிடித்தான். ச்சிக் என்றதும் பஞ்சு துள்ளியது. ச்சிக், துள்ளல். ச்சிக், துள்ளல். எஞ்சின் அந்தச் சந்து வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடேற ஏறத் துள்ளல் குறைந்து, கடைசியில் பஞ்சு அவன் விரலில் சும்மா தொங்கியது. அதைப் பார்த்து அவனுக்கு ஏற்பட்ட ஆனந்தம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

கழற்றிப் பார்த்தான். இணைப்புக்குள் வைக்கிற பேக்கிங் வளையம் ஒரு பக்கம் கருகி உதிர்ந்திருந்தது. புதுசுக்கு மதுரைக்கு ஆள் அனுப்பவேண்டும். அதுவரைக்கும் இவனால் பொறுக்க முடியுமா? வீட்டுப் பின்வாசலில் நின்று, "தாயி, ஓட்டை ஒடசல் செம்புப் பாத்திரம் ஏதும் கெடக்கா?" என்று கேட்டான். அய்யம்மாள் அடி நசுங்கின சொம்பு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கென்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதை வெட்டித் தட்டி, வளையமாக நறுக்கி, நெருப்பில் காய்ச்சி மெத்தென்று ஆக்கி, இணைப்புக்குள் வைத்து நட்டை இறுக்கினான்.

மறுநாள் காலையில் எஞ்சினைக் கிளப்பினான். ச்சிக் இல்லை. காது கொடுத்துக் கேட்டான். பஞ்சைப் பிடித்துப் பார்த்தான். அசையவே இல்லை. அவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தபோது அய்யம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"என்னண்ணே, சத்தத்தைக் காணோம்?"

"கண்டுபிடிச்சுட்டேன் தாயி! கவுளியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. பேக்கிங் போயிருந்துச்சு. நீங்க குடுத்த சொம்புதான் உள்ள இருக்கு. இனிமே சத்தியமாச் சொல்லாது!"

"இனிமே சொல்லவே சொல்லாதா?"

"சொல்லாது தாயி. வாயை அடைச்சுட்டேன்ல!"

அவள் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது ரவிக்கைக் கையை மெல்ல மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, ஒன்றின்மேல் ஒன்றாகத் தழும்புகள். "எனக்காகப் பேசுனது அது ஒண்ணுதாண்ணே" என்றாள். அழவில்லை. கையை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அமாவாசை அங்கேயே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் அந்த வீட்டு விவகாரம் தெரியாமல் இல்லை. தெரிந்தும், பெரிய இடத்துச் சமாசாரம் நமக்கெதற்கு என்று காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தான். எந்தச் சத்தத்தையும் விடாத காது! தன் மேலேயே அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. நேரே மண்டிக்குப் போனான். கண்ணுச்சாமி அங்கே ஏலக்காயை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் மூடி, காதோரம் குலுக்கி, காய்ந்த பதம் பார்த்துக்கொண்டிருந்தார். கூலியாட்கள் போகிறவரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னான்.

"மொதலாளி, அது கவுளி இல்லை. பேக்கிங். நான் சரி பண்ணிட்டேன்."

கண்ணுச்சாமி கையிலிருந்த காயைத் தட்டில் போட்டார்.

"எவன்டா உன்னைச் சரி பண்ணச் சொன்னது?"

"இல்ல மொதலாளி, கவுளின்னு நீங்க…"

"வாலிபத்துலருந்து காயைக் குலுக்கிக் குலுக்கிக் கேட்ட காதுடா இது. பல்லிக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாப்பயன்னு நெனைச்சியா என்னை?" குரல் தணிந்துவிட்டது. "நாளைக்குச் சம்பந்தி வர்றாரு. ஊர்ப் பெரியாளுகளையும் கூட்டிட்டு வர்றாராம், கையோட கூட்டிட்டுப் போக. அதை மறுபடியும் கத்த வைக்க முடியுமாடா?"

"முடியும் மொதலாளி. நட்டைத் தளத்துனாப் போதும்."

"தளத்து."

தளர்த்தத்தான் போனான். ஸ்பானரை நட்டில் கொடுத்தான். ஆனால் கை வரவில்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சலை வரவழைக்கிற மாதிரி இருந்தது. ரொம்பத் தளர்த்தினால் புகை தின்று இரும்பே கெட்டுப்போகுமே என்று பயந்து, லேசாக, சத்தம் கேட்கிற மட்டுக்கு மட்டும் திருப்பினான். பாவி, அந்த ஒரு கஞ்சத்தனம்தான் மறுநாள் வினையாக வந்தது.

மறுநாள் வெயில் ஏறுமுன்பே சீனிச்சாமியின் வில்வண்டி வந்து நின்றது. கூடவே, தலைப்பாகை கட்டிய பெரியவர்கள். முனியசாமி வரவில்லை. காபி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். பேச்சோடு பேச்சாகச் சீனிச்சாமி, "மருமகளைக் கெளம்பச் சொல்லுங்க" என்றார். அய்யம்மாள் டிரங்குப் பெட்டியோடு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அமாவாசை கைப்பிடியைச் சுற்றினான்.

ச்சிக். ச்சிக். ச்சிக்.

"பாத்தீங்களா சம்பந்தி" என்றார் கண்ணுச்சாமி. "நான் என்ன பண்ணட்டும்? சொல்லுதே!"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். எஞ்சினை நிறுத்தலாம் என்று அமாவாசை கையை நீட்டினான். சீனிச்சாமி லேசுப்பட்ட ஆளா? "ஏப்பா, நிறுத்தாத. கவுளி ஒருவாட்டி சொன்னா ஒக்காந்து வெத்தலை போட்டு, அது அடங்குன பெறகு கெளம்புனாத் தோசமில்லைன்னு எங்கப்பா சொல்லுவாரு. நாமளும் போட்டுக்குவோம்" என்று வில்வண்டியிலேயே சாய்ந்துகொண்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இரும்பு சூடேறிக்கொண்டிருக்கிறது. என்ன நடக்கும் என்று அங்கே இருந்தவர்களில் அமாவாசைக்கு மட்டும் தெரியும். மொதலாளியின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ச்சிக் மெலிந்தது. இரண்டுக்கு ஒன்று விட்டுப்போனது. நாமே இன்னும் ஒரு சுற்றுத் தளர்த்தியிருக்கக் கூடாதா என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கடைசியாகத் தொண்டை கமறின மாதிரி ஒன்று கேட்டது. அப்புறம் எஞ்சின் சுத்தமாக ஓடியது.

"அடங்கிருச்சு!" சீனிச்சாமி எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்தார். "தடை விலகிருச்சு. எடுப்பா வண்டியை."

அமாவாசை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எடுக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

"மொதலாளி சொல்லாம எடுக்கமாட்டேங்க" என்றான்.

எல்லாருடைய பார்வையும் கண்ணுச்சாமியிடம் போயிற்று. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சம்பந்தி, அது கவுளி இல்லை. மோட்டார்ச் சத்தம். மொதல்லருந்தே எனக்குத் தெரியும். எம்பிள்ளையை அனுப்ப மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை. அதான் பல்லி தலையில போட்டேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இப்ப நான் சொல்றேன். உங்க மகன் அடிச்சு அடிச்சு அவ கையில இனி அடி விழ எடமில்லை. அவ வரமாட்டா."

"ஊரு என்ன பேசும்னு யோசிச்சீரா?" என்று சீனிச்சாமி கத்தினார். "வாழாவெட்டின்னு பேசும்யா!"

"பேசட்டும். எனக்கும் வாய் இருக்கு, நானும் பேசிக்கிறேன்."

அதற்கு மேல் நடந்த சண்டையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். கண்ணுச்சாமி மாற்றிப் பேசவில்லை. வில்வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. அமாவாசை எஞ்சினை நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

அய்யம்மாள் இறங்கினாள். பெட்டியின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்துத் தூக்கினவள், அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாம்லப்பா?"

கண்ணுச்சாமி பெட்டியின் மறுபக்கத்துக் காதைப் பிடித்துக்கொண்டு அவளோடு வீட்டுக்குள் நடந்தார்.